எல்லோருடைய தலையும் திரும்பியபோது

ஈரநிலப் பூங்காவின் வாசலில் கூடியிருந்தவர்களில் அவள் ஒருத்திக்குத்தான் நிலைகொள்ளவில்லை. மற்றவர்கள் பைனாகுலரின் கண்ணாடியைத் துடைப்பதும், ஃபிளாஸ்கிலிருந்து ஊற்றிக் குடிப்பதுமாக நிதானமாக இருந்தார்கள். அவள் கேட்டிலிருந்து அறிவிப்புப் பலகை வரைக்கும் போனாள், திரும்பி வந்தாள், கைப்பேசியை எடுத்துப் பார்த்துப் பைக்குள் போட்டாள், அடுத்த நிமிடமே மறுபடி எடுத்தாள். குளிர் விட்டு மரங்களில் துளிர் தெரிய ஆரம்பித்திருந்த காலம். வசந்தம் வந்ததும் ஆண்டுதோறும் இங்கே பறவை பார்க்க ஒரு கூட்டம் கிளம்பும் என்று அவளுடைய நாத்தனார் சொல்லிச் சொல்லி அலுத்திருக்கிறாள். அவள் ஒருமுறைகூட வந்ததில்லை. இந்த முறை அவளைக் கேட்காமலே பெயர் கொடுத்துவிட்டார்கள்.

கொடுத்தது அவள் புருஷன். அவர் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் பள்ளியில் வாத்தியார். புதிதாக ஸ்டியரிங் பிடிப்பவர்கள் பக்கத்தில் நாள் முழுக்க உட்கார்ந்து பழகிய மனுஷனுக்கே ஒரு வாரமாக வீட்டில் அவளோடு இருக்க முடியவில்லை. மடித்து வைத்த துணியை எடுத்து மறுபடி மடித்தாள். அலமாரியை ஒழித்து அடுக்கினாள். அடுக்கி முடித்ததும் வேறு மாதிரி அடுக்கினாள். சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்து போய் அடுப்பு அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தாள். அவர் தங்கைக்குப் போன் போட்டு, பிரேக் பிடிக்காத வண்டியோட எத்தனை நாள் குடித்தனம் பண்றது, நீயாவது ஒரு நாள் வெளியில் கூட்டிக்கொண்டு போ என்று கெஞ்சியிருக்கிறார்.

அவள் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸ். மயக்க மருந்து டாக்டரின் பக்கத்தில் நிற்பவள். கத்தி பிடிப்பவர்களுக்குக் கிடைக்கிற பேரும் புகழும் அந்தப் பக்கம் வராது. ஆனால் மேஜையில் படுத்திருப்பவர் தூங்குகிறார், மூச்சு விடுகிறார், இதயம் ஒழுங்காக அடிக்கிறது என்பதைப் பார்த்துக்கொண்டே இருக்க ஆள் வேண்டும். பல வருஷமாக அவள் அந்த ஆள். தியேட்டரில் அவளைப் பற்றிச் சொல்வதென்றால், சிஸ்டர் நின்றால் நாம் நிம்மதியாக நிற்கலாம் என்று சொல்வார்கள்.

போன வாரம் நடந்தது இதுதான். ஒருவருக்குக் குடல் ஆபரேஷன் நடந்துகொண்டிருந்தது. பக்கத்து தியேட்டரில் அவசரம் என்று மயக்க மருந்து டாக்டரைக் கூப்பிட்டார்கள். அவள் இருக்கிற தைரியத்தில் டாக்டர் எட்டிப் பார்த்துவிட்டு வரப் போனார். அவள் பம்ப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அடுத்த மருந்துகளுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள். இதயத் துடிப்பைச் சொல்லும் மெஷினின் கனத்த சத்தம் ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது. அதில் ஒரு குறையும் இல்லை. திடீரென்று சர்ஜன் கையைத் தூக்கிக்கொண்டு, ஆள் அசையறார் என்றார். அதே நேரத்தில் டாக்டர் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார். மயக்க மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றும் பம்ப்பில் மருந்து தீர்ந்துபோய், சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. டாக்டர் ஊசியை மாற்றி மருந்தை ஏற்றினார். மூச்சுவிடும் நேரத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. படுத்திருந்தவருக்கு ஒன்றும் ஆகவில்லை. எழுந்த பிறகு அவருக்கு எதுவும் நினைவும் இல்லை.

டாக்டர் கத்தவில்லை. தாழ்ந்த குரலில், எல்லோருக்கும் முன்னால், ஒரு கேள்விதான் கேட்டார்.

"அவ்வளவு நேரமா அலாரம் அடிக்குது. வெளியில வராண்டா வரைக்கும் கேக்குது. உங்களுக்குக் காது கேக்கலையா சிஸ்டர்?"

மற்றவர்களுக்கும் அது கேட்டிருந்தது, சிஸ்டர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட்டார்கள். அவள் முகத்தில் ஈயாடவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு அந்த நேரத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். ஏதாவது யோசனையில் இருந்தேனா? வெளியூரில் படிக்கிற மகளை நினைத்தேனா? சரியாகத் தூங்கவில்லையா? ஒன்றுமே இல்லை. முழுக் கவனத்தோடுதான் நின்றாள். கவனமாக நின்றும் ஒரு சத்தம் தன்னிடம் வந்து சேரவில்லை என்பதுதான் அவளைக் கொன்றது. அவளுடைய பெரியம்மா ஒருத்தி இருந்தாள், கணக்கு டீச்சர், கூர்மையான பெண்மணி. அவளுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. சின்னச் சின்னதாக எதையோ தவறவிட்டாள். கடைசியில் பெற்ற மகளையே யாரோ பக்கத்து வீட்டுப் பெண் என்று நினைத்து மரியாதையாகப் பேசினாள். அந்தப் பயத்தை அவள் புருஷனிடம்கூடச் சொல்லவில்லை. வேலையில் ஒரு சின்னத் திட்டு என்று மட்டும் சொல்லி வைத்திருந்தாள்.

பறவைக் கூட்டத்தை நடத்தியவர் ஒரு பல் டாக்டர். அகலமான தொப்பி வைத்திருந்தார். உள்ளே போனதும் யாரும் பேசக் கூடாது, காலைத் தேய்த்து நடக்கக் கூடாது, கையை நீட்டிக் காட்டக் கூடாது என்று சொல்லி வைத்தார். வாரம் முழுக்க ஊரார் வாயைத் திறக்கச் சொல்கிறவர் இன்றைக்கு மூடச் சொல்கிறார் என்று நாத்தனார் அவள் காதருகே முணுமுணுத்தாள். அவளுக்குப் பாதிதான் புரிந்தது. என்ன என்று கேட்டாள். நாத்தனார் மறுபடி சொன்னாள். அதற்குள் சிரிப்பு ஆறிப்போயிருந்தது.

நாத்தனார் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள். அவர்கள் இருவருக்கும் பெரிய சண்டையும் இல்லை, பெரிய ஒட்டுதலும் இல்லை. விசேஷ நாட்களில் பார்த்தால் நன்றாகப் பேசிக்கொள்வார்கள், அவ்வளவுதான். கூட்டத்தில் அவர்களைத் தவிரப் புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடியும், குழாய் மாதிரி நீளமான கேமராவைக் குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்த ஒரு பெரியவரும் இருந்தார்கள்.

நாணலுக்கு நடுவே, தண்ணீருக்கு மேல் மரப்பலகை போட்ட பாதை போனது. மற்றவர்கள் ஒவ்வொரு அடியாக வைத்தார்கள். அவளால் அப்படி நடக்க முடியவில்லை. நின்றால் அந்தக் கேள்வி வந்து தோளைப் பிடித்தது. வேகமாக நடந்து முன்னால் போய்விட்டாள். அவள் காலடிச் சத்தத்துக்குக் கரையோரம் நின்ற நாரை ஒன்று சிறகை விரித்து, அலுத்துக்கொண்ட மாதிரி எழும்பிப் போனது. கேமராக்காரர் கேமராவை இறக்கிவிட்டு ஒரு பெருமூச்சு விட்டார். பல் டாக்டர் அவளிடம் வந்து, மெதுவாகப் போனால் நிறையப் பார்க்கலாம் என்று பக்குவமாகச் சொன்னார். அவள் மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கடைசி ஆளாக வந்து நின்றாள். நின்ற இடத்திலும் கைப்பிடிக் கம்பியில் விரல்கள் தாளம் போட்டுக்கொண்டே இருந்தன.

கொஞ்சத் தூரம் போனதும் பல் டாக்டர் கையைத் தூக்கி எல்லோரையும் நிறுத்தினார். நாணலுக்குள் ஒரு குருவி பாடுகிறது, கண்ணில் படாது, காதால்தான் பார்க்க வேண்டும் என்றார். எல்லோரும் அசையாமல் நின்றார்கள். புது மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். நாத்தனாரின் முகத்தில் ஒரு சிரிப்பு பரவியது. அவள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். நாணல் உரசும் சத்தம் கேட்டது. பலகைக்கு அடியில் தண்ணீர் மோதுவது கேட்டது. எங்கோ ஒரு லாரி கியர் மாற்றுவது கேட்டது. பாட்டு மட்டும் கேட்கவில்லை. கூட்டத்தோடு கூட்டமாகத் தலையை ஆட்டி வைத்தாள். மனசு ஓர் இடத்தில் நிற்காதவளுக்குக் குருவி எங்கே கேட்கப் போகிறது என்று தன்னையே நொந்துகொண்டாள்.

அதன் பிறகுதான் அது நடந்தது. பாதை வளைகிற இடத்தில் எல்லோரும் தண்ணீரைப் பார்த்து நின்றிருந்தார்கள். சட்டென்று எல்லோருடைய தலையும் ஒரே நேரத்தில் இடது பக்கம் திரும்பியது. சொல்லி வைத்த மாதிரி. பைனாகுலர்கள் எழும்பின. அவளும் திரும்பினாள். அவள் திரும்புவதற்குள் நீலமாக ஏதோ ஒன்று தண்ணீரை ஒட்டிப் பறந்து நாணலுக்குள் மறைந்துவிட்டது. மீன்கொத்தி என்றார்கள். ஆளாளுக்குச் சந்தோஷப்பட்டார்கள்.

அது வரப்போகிறது என்று எப்படித் தெரிந்தது என்று அவள் நாத்தனாரைக் கேட்டாள். நாத்தனார் அவளை விநோதமாகப் பார்த்தாள். "விசில் அடிச்சுட்டே வந்துச்சே அண்ணி. நல்லா சத்தமா."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. குருவிப் பாட்டைத் தவறவிட்டதற்குக் கவனம் சிதறியது என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அந்த நொடியில் அவள் கவனம் சிதறவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு, எதையாவது கேட்டுவிட வேண்டும் என்றுதான் நின்றிருந்தாள்.

குளக்கரையில் பறவைகளுக்குத் தெரியாமல் உட்கார்ந்து பார்ப்பதற்காக ஒரு மரக் குடில் இருந்தது. நீளமான பெஞ்சும், கண் உயரத்தில் ஒரு நீண்ட திறப்பும். எல்லோரும் வரிசையாக உட்கார்ந்ததும் அவள் நாத்தனாரிடம் ஓர் உதவி கேட்டாள். இனிமேல் எந்தப் பறவைச் சத்தம் கேட்டாலும் வாயால் சொல்ல வேண்டாம், மடியில் வைத்திருக்கும் விரலை மட்டும் தூக்கு என்றாள். எதற்கு என்று நாத்தனார் கேட்கவில்லை. அந்த முகத்தைப் பார்த்துக் கேட்கத் தோன்றவில்லை என்று பிற்பாடு சொன்னாள்.

விரல் எழுந்தது. அவளுக்கு ஒரு கரகரப்பு கேட்டது. நீர்க்கோழி. சரி. விரல் எழுந்தது. வாத்து. அதுவும் கேட்டது. மறுபடி எழுந்தது. அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. எழுந்தது, கேட்கவில்லை. எழுந்த விரல் கீழே இறங்காமலே கொஞ்ச நேரம் நின்றது. அங்கே ஏதோ ஒன்று நீளமாகப் பாடிக்கொண்டிருக்கிறது. அவளுக்கு அந்த இடத்தில் வெறும் காற்று. கனத்த குரல் எல்லாம் வந்து சேர்ந்தது. மெல்லிசாக, கீச்சென்று இருந்தது எதுவும் வரவில்லை.

அப்போது அவளுக்கு ஒன்று ஞாபகம் வந்தது. அந்தப் பம்ப்புகள் புதிதாக வந்த சமயத்தில், விற்ற கம்பெனியிலிருந்து ஒரு ஆள் வந்து எப்படி இயக்குவது என்று காட்டினார். அவள் அதைக் கைப்பேசியில் வீடியோ எடுத்து வைத்திருந்தாள். தேடி எடுத்தாள். யாருக்கும் தொந்தரவு இல்லாமல் சத்தத்தைக் குறைத்துக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டாள். அந்த ஆளின் கட்டைக் குரல் தெளிவாகக் கேட்டது. மருந்து தீர்ந்தால் இப்படி அடிக்கும் என்றார். பிறகு ஒன்றும் இல்லை. கையை எடுத்துத் திரையைப் பார்த்தாள். சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. சத்தம் நின்றுவிட்டது போல என்று நினைத்துச் சத்தம் கூட்டும் பொத்தானை அழுத்தினாள். இன்னும் அழுத்தினாள். கடைசி வரைக்கும் அழுத்தினாள்.

குடிலில் இருந்த எல்லோருடைய தலையும் திரும்பியது. இந்த முறை அவள் பக்கம்.

குளத்தில் படபடவென்று சிறகுகள் அடித்தன. அது அவளுக்கு நன்றாகக் கேட்டது. கேமராக்காரர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டிருந்தார். "அம்மா, தயவுசெஞ்சு அதை நிறுத்துங்க" என்றார். நாத்தனார்தான் கையை நீட்டிக் கைப்பேசியை வாங்கி நிறுத்தினாள்.

அவள் எழுந்து வெளியே வந்துவிட்டாள். மரப்பலகையில் அங்கும் இங்கும் நடந்தாள். நாத்தனார் பின்னாலேயே வந்தாள். போன வாரம் நடந்ததை அவள் அங்கே நின்றுதான் முதன்முதலாக ஒருவரிடம் முழுசாகச் சொன்னாள். பெரியம்மாவைப் பற்றியும் சொன்னாள். புத்திதான் பேதலிக்கிறது என்று பயந்து கிடந்தேன், காதுதானா இது என்று சொன்னபோது அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. வீட்டில் புருஷன் வாய்க்குள்ளேயே பேசுகிறார் என்று சண்டை பிடித்ததும், மகள் போனில் முணுமுணுக்கிறாள் என்று கோபித்துக்கொண்டதும் வரிசையாக ஞாபகம் வந்தது. ஆனால் அந்த நிம்மதி கொஞ்ச நேரம்தான் நின்றது. நாளைக்குத் திங்கட்கிழமை. காலையில் முதல் ஆபரேஷன் ஒரு சின்னப் பெண்ணுக்கு. பக்கத்தில் நிற்க வேண்டியவள் அவள்.

நாத்தனார் நல்ல எண்ணத்தோடுதான் பேசினாள். அவசரப்பட வேண்டாம் என்றாள். முதலில் வேறு எங்காவது போய்க் காதைச் சோதித்துக்கொள்ளலாம், சின்னதாக ஒரு கருவி, முடிக்குள் மறைந்துவிடும், யாருக்கும் தெரியாது என்றாள். "எங்க கடைக்கு வர்றவங்க பாதிப் பேர், கண்ணு நல்லாத்தான் தெரியுதுன்னு சொல்லிட்டேதான் அண்ணி உள்ள வருவாங்க. கண்ணாடி வாங்கிட்டுப் போய் நல்லாத்தான் இருக்காங்க. நீங்களா போய்ச் சொன்னா தியேட்டர் பக்கமே விட மாட்டாங்க."

"விடக் கூடாது" என்றாள் அவள்.

"உங்களுக்கு அந்த வேலைதான் உயிரு."

"படுத்திருக்கிறவங்களுக்கும் உயிருதான்டி."

நாத்தனாரை அவள் டி போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. இருவருமே அதைக் கவனித்தார்கள். நாத்தனார் பூங்கா வாசல் வரைக்கும் அவள் வேகத்துக்கு ஈடுகொடுத்துக் கூடவே நடந்தாள்.

வண்டிகள் நிறுத்தும் இடத்தில் நின்று அவள் மயக்க மருந்து டாக்டரைக் கூப்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமை எடுப்பாரோ மாட்டாரோ என்று ஒரு பக்கம், எடுக்காமல் இருந்தால் தேவலை என்று இன்னொரு பக்கம். டாக்டர் எடுத்தார். பின்னால் பாத்திரம் உருளும் சத்தமும் குழந்தை அழுவதும் கேட்டது. அவள் சுற்றி வளைக்கவில்லை.

"அன்னைக்கு ஒரு கேள்வி கேட்டீங்க டாக்டர். நிஜமாவே கேக்கலை. அந்த அலாரம் எனக்குக் கேக்கவே இல்லை. இன்னைக்குத்தான் தெரிஞ்சுது."

அந்தப் பக்கம் கதவு சாத்தப்பட்டது. குழந்தையின் அழுகை நின்றுபோனது. டாக்டர் என்ன நடந்தது என்று கேட்டார், அவள் குடிலில் நடந்தது வரைக்கும் சொன்னாள். டாக்டர் ஆறுதல் சொல்லவில்லை. நாளைக்குத் தியேட்டருக்கு வர வேண்டாம், நேராகக் காது டாக்டரிடம் போய்ச் சோதனை செய்துகொள்ளுங்கள், நிர்வாகத்துக்கு நான் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றார். அவள் சரி என்றாள். வைப்பதற்கு முன்னால் டாக்டர் கேட்டார்.

"எவ்வளவு நாளா இப்படி இருக்கும் சிஸ்டர்?"

அவளுக்குத் தெரியவில்லை. தெரியாது என்றே சொன்னாள். அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்தக் கேள்விதான் பழைய கேள்வியின் இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. எத்தனை அலாரங்களை வேறு யாரோ வந்து நிறுத்தியிருப்பார்கள்? தானாக நின்றவை எத்தனை? நாத்தனார் வண்டியை ஓட்டிக்கொண்டே அவள் மடியில் இருந்த கையை ஒருமுறை தொட்டுவிட்டு எடுத்தாள்.

புருஷனிடம் சொன்னபோது அவர், அப்படியானால் இத்தனை நாள் நான் வாய்க்குள் பேசவில்லை என்று எழுதிக் கொடு என்றார். அவள் சிரிக்கவில்லை. அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கட்டைக் குரலில், ஒவ்வொரு வார்த்தையாக, போனது போகட்டும் என்றார்.

சோதனையில் கீச்சுச் சத்தங்கள் மட்டும் இரண்டு காதிலும் வெகுவாகத் தேய்ந்திருப்பது தெரிந்தது. காது டாக்டர் ஒரு கோட்டை வரைந்து காட்டினார். கனத்த சத்தத்தின் பக்கம் மேட்டில் நடக்கிற கோடு, கீச்சுச் சத்தத்தின் பக்கம் படிக்கட்டிலிருந்து தவறி விழுந்த மாதிரி இருந்தது. கருவி வைத்தால் பெருமளவு கேட்கும், ஆனால் தியேட்டருக்கு என்றால் உத்தரவாதம் தர முடியாது என்றார். நிர்வாகம் அவளைத் திட்டவும் இல்லை, பாராட்டவும் இல்லை. தியேட்டரிலிருந்து எடுத்து, ஆபரேஷனுக்கு முந்தின வேளையில் நோயாளிகளைத் தயார் செய்யும் அறைக்கு மாற்றினார்கள். எல்லாப் பம்ப்பிலும் விளக்கு எந்தப் பக்கமிருந்தும் கண்ணில் படுகிற மாதிரித் திருப்பி வைக்க வேண்டும் என்று டாக்டர் ஓர் ஏற்பாடு செய்ததாகப் பிறகு கேள்விப்பட்டாள்.

புது அறையில் முதல் நாள் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கருவி இன்னும் கைக்கு வரவில்லை. வரிசையாகக் கட்டில்கள், நடுவில் திரைச்சீலைகள். இரத்த அழுத்தம் பார்ப்பதும், கையில் ஊசி ஏற்றி வைப்பதும், நகையைக் கழற்றினீர்களா, பல்செட்டு இருக்கிறதா என்று கேட்பதும்தான் வேலை. கதவுக்கு அந்தப் பக்கம் தியேட்டர். ஒவ்வொரு தடவை கதவு திறந்து மூடும்போதும் அவள் தலை தானாக அந்தப் பக்கம் போனது.

கடைசிக் கட்டிலில் ஒரு லாரி டிரைவர் படுத்திருந்தார். ஆள் வாட்டசாட்டமானவர். அவள் இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைச் சுற்றக் குனிந்தபோது அவர் ஏதோ சொன்னார். உதடு அசைந்தது, அவ்வளவுதான். முன்பு என்றால் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்திருப்பாள். அவள் கையை நிறுத்தினாள்.

"எனக்குக் காது கொஞ்சம் மந்தம். சத்தமா சொல்லுங்க."

அவர் திரையை ஒரு பார்வை பார்த்தார். பிறகு வேறு வழியில்லாமல் குரலை உயர்த்தினார்.

"பயமா இருக்குன்னேன்."

அறை முழுக்க அது கேட்டது. பக்கத்துத் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. கனத்த குரல், அவளுக்கே தெளிவாகக் கேட்டது. "எனக்கும்தான்." அதற்கு அப்பால் யாரோ சிரித்தார்கள். யாரோ, நேத்திலிருந்து தூக்கமே இல்லை என்றார்கள். லாரி டிரைவர் முகம் சிவந்து, தானும் சிரித்தார்.

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சொல்லுங்க, எதுக்குப் பயம்?" என்றாள்.